எந்த மச்சான்?

அத்தியாயம் பன்னிரண்டு

பட்டறைப் பாலிஷ்காரர் இன்னும் ஸ்ட்ரா வைத்துத்தான் சாப்பிடுகிறார். தாடைக்குக் கம்பி கட்டிய டாக்டர், "வாயைத் திறக்காம இருந்தா சீக்கிரம் ஆறிடும்" என்று சொல்லி அனுப்பினாராம். வாயைத் திறந்ததற்காகத்தான் அந்த அடியே விழுந்தது என்பது டாக்டருக்குத் தெரியாது.

மரப்பட்டறையில் பெரிய ரம்பத்தின் பெல்ட்டை யாரோ அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புது பெல்ட் மாட்டினால் அதையும் அறுத்தார்கள். பட்டறையை நடத்தும் பெரிய மச்சானுக்குச் சந்தேகம் பாலிஷ்காரர் மேல். "நான் இல்லீங்க" என்று அந்த மனிதர் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் முழங்கை வந்துவிட்டது. அவர் படுக்கையில் விழுந்த பிறகும் பெல்ட் அறுபட்டது. அப்படியானால் அவர் இல்லை என்று ஊரே நினைத்தது. "படுத்துக்கிட்டே ஆள் வச்சு அறுக்கறான்" என்று பெரிய மச்சான் நினைத்தார்.

அதனால் பட்டறைக்கு ஒரு கேமரா வந்தது. கேமரா வந்ததால், பெரிய மச்சானின் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையும் உள்ளே இழுக்கப்பட்டார்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். ஊரார் பார்வையைச் சரிசெய்வது தொழில். தன் பார்வை மட்டும் பாட்டில் அடி போலத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. மனைவியின் வீட்டில் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு பேச்சு. எப்போதோ பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்திருக்கிறார். அந்தப் புகழை இத்தனை வருடமாக மறுக்காமல் காப்பாற்றி வந்ததுதான் அவர் செய்த தப்பு.

"மாப்ள, நீங்க வீட்ல உக்காந்துக்கிட்டே பட்டறையைப் பாக்கணும். எவன் கை வைக்கிறான்னு எனக்குத் தெரியணும்" என்றார் பெரிய மச்சான். வேண்டுகோள் போலத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது தோளில் வைத்திருந்த கையின் எடை வேறு மாதிரி இருந்தது.

சுவரில் மாட்டுவது சுலபமாக முடிந்தது. வீட்டிலிருந்து பார்ப்பதுதான் வரவில்லை. கேமராவுக்குரிய எண்களை மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்தியோடு அடித்தார். ஒவ்வொரு முறையும் அவருடைய சொந்த பிரிண்டரின் பக்கம் திறந்து, மை தீரப்போகிறது என்று முறையிட்டது.

"சார், அது பட்டறைக்கு உள்ள இருக்கிற நம்பர்" என்றார் கேமரா விற்றவர், போனில். "அதே நம்பர் உங்க வீட்லயும் யாருக்காவது இருக்கும். வெளிய இருந்து வர்றதுன்னா, பட்டறை ரவுட்டரோட வெளி நம்பர் போடணும். அந்த ரவுட்டர்ல ஒரு கதவு திறந்து, வர்றவங்களை கேமராகிட்ட அனுப்புன்னு சொல்லி வைக்கணும்."

"கதவைத் திறந்து வச்சா வேற யாரும் வந்துட மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கே. கம்பெனி குடுத்ததை மாத்திட்டீங்கல்ல?"

"மாத்திட்டேன்" என்றார் மாப்பிள்ளை. மாற்றவில்லை. மாற்றினால் மறந்துவிடும் என்பது அவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்த சில உண்மைகளில் ஒன்று.

இன்று மாப்பிள்ளைக்கும் மனைவிக்கும் விடுமுறை. பட்டறைக்கும் வார விடுமுறை. மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். அண்ணன்மார் அவளை ஹாரன் என்று கூப்பிடுவது வேனுக்காக மட்டும் இல்லை. அவள் பின்னால் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருக்க, வெளி நம்பரை அடித்து, பாஸ்வேர்ட் போட்டு, மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்துருச்சுங்க" என்றாள்.

வந்திருந்தது. பட்டறை முழுக்க, பளிச்சென்று. அடுக்கிய பலகைகள், நடுவில் பெரிய ரம்பம், ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் மரத்தூள். மாப்பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் புகழுக்குத் தகுந்த காரியம் ஒன்றைச் செய்திருக்கிறார். அதைக் குடும்பத்தோடு கொண்டாடாமல் இருக்க முடியுமா?

படத்தை அப்படியே பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டார். 'பட்டறை இனி நம் கண் முன்னே' என்று ஒரு வரி. எல்லோரும் பார்க்கட்டும் என்று வெளி நம்பரும் பாஸ்வேர்டும் அடுத்த வரி.

கட்டைவிரல் ஒன்று உடனே வந்தது. பெரிய மச்சானின் மனைவி. குரூப்பில் யார் எதைப் போட்டாலும் சத்தமில்லாமல் ஒரு கட்டைவிரல் போடுவாள். அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதியதில்லை.

"ஏங்க" என்றாள் மனைவி. துண்டு கையிலேயே நின்றது. "ரம்பத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறது யாரு?"

மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

ரம்ப மேஜையின் கீழே ஒருவர் குந்தியிருந்தார். வலது கையில் கத்தி. இடது கையில் பெல்ட். அந்த இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன.

"சின்னண்ணன்" என்றாள்.

அதே ரம்பம்தான் போன வருடம் அந்த விரல்களைத் தின்றது. மாப்பிள்ளை மாட்டிய கேமரா இன்னும் ஓடவில்லை என்று அவர் நினைத்திருப்பார்.

"அழிங்க. குரூப்ல போட்டதை அழிங்க."

அழித்தார். எல்லோருக்குமாக அழித்தார். ஆனால் பெரிய மச்சான் பார்த்துவிட்டதற்கான அடையாளம் அழிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. விடுமுறை நாளில் அவர் முடி திருத்தப் போவார். கடை பட்டறைக்கு எதிர்ச் சந்தில்.

மனைவி சின்ன அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். மணி அடிப்பது கம்ப்யூட்டரிலும் கேட்டது. போன் பலகைகளின் மேல் அதிர்ந்து நகர்ந்தது. கீழே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். 'ஹாரன்' என்று காட்டியிருக்கும். தப்பு செய்யும்போது தங்கையிடம் பேசும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. மறுபடி கத்தியை வைத்தார்.

பட்டறைக் கதவு திறந்தது.

பெரிய மச்சான் வந்தார். கழுத்தில் முடி திருத்துபவரின் வெள்ளைத் துணி. ஒரு கன்னம் மழமழவென்று, இன்னொன்றில் சோப்பு நுரை. வேறு எந்த நாளாக இருந்தாலும் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"நீயா?" என்றார் பெரிய மச்சான்.

சின்ன மச்சான் எழுந்தார். கத்தியை மேஜை மேல் வைத்தார். "நான்தான்."

"எதுக்குடா?"

"ரம்பத்துக்கு மூடி மாட்டு. நான் அறுக்க மாட்டேன்."

ரம்பத்தின் பல்லை மறைக்க ஒரு இரும்பு மூடி இருந்தது. அது இருந்தால் வேலை மெதுவாகிறது என்று பெரிய மச்சான் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். விரல் போன பிறகும் மாட்டவில்லை.

"அதைச் சொல்றதுக்கு வாய் இல்லையா உனக்கு?"

"சொன்னேன். நூறு தடவை சொன்னேன். பாலிஷ்காரரும் சொன்னாரு. அவரு வாய் இப்ப எங்க இருக்கு?"

பெரிய மச்சான் சுவரோரம் சாய்த்திருந்த ரீப்பர்க் கட்டை ஒன்றை எடுத்தார். மனைவி மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தாள். நகம் சட்டையைத் தாண்டி இறங்கியது.

முதல் அடி தோளில் விழுந்தது. கட்டை நடுவில் முறிந்தது. முறிந்த துண்டாலேயே இரண்டாவது, காதோடு. சத்தம் சற்றுத் தாமதமாக வந்தது. படத்தில் ஆள் விழுந்த பிறகுதான் அடி கேட்டது. சின்ன மச்சான் மரத்தூளில் முகம் குப்புற விழுந்தார். பெரிய மச்சான் விலாவில் உதைத்தார். பிறகு அதே இடத்தில், இடம் பார்த்து, மறுபடி உதைத்தார்.

"நான் போறேன்" என்றாள் மனைவி. வேன் சாவி ஏற்கெனவே கையில் இருந்தது. "போலீஸைக் கூப்பிடுங்க. அந்த கேமராவுல பேச முடியும்னு சொன்னீங்கல்ல? பேசுங்க. எதையாவது பேசி நிறுத்துங்க. எனக்கு ரெண்டு பேரும் உசுரோட வேணும்."

கீழே வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. பட்டறை ஊருக்கு மறுகோடியில். அவள் என்ன ஓட்டினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை ஒரு கையால் போலீஸுக்குப் போன் செய்தார். இன்னொரு கையால் பேசுவதற்கான பொத்தானைத் தேடினார். திரையின் அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் படங்கள். ஒன்றை அழுத்தி, "நிறுத்துங்க" என்றார். கிளிக் என்றது. போட்டோ எடுத்திருக்கிறது. மறுபடி அழுத்தி, "மச்சான், வேண்டாம், விட்டுடுங்க" என்று கெஞ்சினார். கிளிக். ஒரு மனிதர் தன் தம்பியின் தலைமுடியைப் பிடித்துத் தரையோடு இழுத்துப் போவதை, வெவ்வேறு நிலைகளில், துல்லியமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

பெரிய மச்சான் தம்பியை ரம்ப மேஜை வரை இழுத்தார். அந்த இடது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"இதுக்குத்தான பயம்? மிச்சம் இருக்கிறதையும் எடுத்துட்டா அப்புறம் பயமே இருக்காது."

பெல்ட் அறுந்திருந்ததால் ரம்பம் ஓடாது. ஆனால் பல் பல்தான். உள்ளங்கையைப் பல்லின் மேல் வைத்துத் தன் முழு எடையோடும் அழுத்தினார். சின்ன மச்சான் கத்திய கத்தல் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் பிசிறியது. மேஜை ஓரமாக ரத்தம் கோடாக இறங்கி, மரத்தூளில் சொட்டி, சொட்டிய இடமெல்லாம் உருண்டையானது.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எதுவும் தெரியாது என்று ஒரு கணம் தோன்றியது. கழற்றவில்லை. அவருடைய வாழ்க்கையில் அதை ஒரு வீரம் என்று சொல்லலாம்.

சின்ன மச்சான் அண்ணனின் மணிக்கட்டைக் கடித்தார். பிடி தளர்ந்ததும் தலையால் முட்டினார். மூக்கு உடைந்து, சோப்பு நுரை ரோஜா நிறமானது. பெரிய மச்சான் பின்னால் சரிந்து பசை டின்களோடு சேர்ந்து உருண்டார். எழவில்லை.

சின்ன மச்சான் மேஜையைப் பிடித்து எழுந்தார். பிடித்த இடத்தில் பலகை இறுக்கும் இரும்பு கிளாம்ப் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. கிழிந்த கையை வயிற்றோடு அணைத்து, கதவை நோக்கி ஒவ்வோர் அடியாக நடந்தார்.

முடிந்தது என்று மாப்பிள்ளை மூச்சு விட்டார்.

டின்கள் நகர்ந்தன. பெரிய மச்சான் எழுந்தார். கையில் கொட்டாப்புளி, உளியைத் தட்டும் அந்தக் கனத்த மரச்சுத்தி. தம்பியின் முதுகுக்குப் பின்னால், சத்தம் இல்லாமல் வந்தார். சுத்தி மேலே போனது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் கண்ணில் அந்த மைக் படம் பட்டது. இத்தனை நேரமும் போட்டோப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அழுத்தினார். விரல் நழுவாமலிருக்க இரண்டு கையாலும் மவுஸை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"மச்சான், பின்னாடி."

பட்டறையின் சுவரில் அந்தக் குரல் தகர டப்பாவை உருட்டியதுபோல விழுந்தது.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

இருவருமே மச்சான்தானே. பெரிய மச்சான், தன் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிச் சுவரைப் பார்த்தார். சின்ன மச்சான் திரும்பி அண்ணனைப் பார்த்தார். ஓங்கிய சுத்தியும் திறந்த பிடரியுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணன் நின்றார்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. மாப்பிள்ளை பொத்தானை விடாமல் வெறித்தார். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை அங்கிருந்து ஒரு சத்தமும் வராது, ஊமைப் படம்தான்.

சின்ன மச்சானின் தலை மட்டும் லேசாக மேலே உயர்ந்தது, கேமராவை நோக்கி. பிறகு கிளாம்ப் இறங்கியது. ஓசையே இல்லாமல். பெரிய மச்சான் முழங்காலில் உட்கார்ந்து, மெதுவாக, தூங்கப் போகிறவர்போலச் சாய்ந்தார். வெள்ளைத் துணி அவரைச் சுற்றி விரிந்து நிறம் மாறத் தொடங்கியது.

*

இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். மனைவி கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கேட்ட மாதிரியே கிடைக்கவில்லை.

பெரிய மச்சானுக்குக் காதிலிருந்து பிடரிவரை தையல். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால், படுக்கையிலிருந்தே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் குரல் இளகியது.

"மாப்ள, நீங்க மட்டும் குரல் குடுக்கலைன்னா மண்டை ரெண்டா போயிருக்கும். திரும்பினதால காதோட போச்சு. இந்தக் குடும்பத்துல என் பக்கம் நீங்க ஒருத்தராவது இருக்கீங்க."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

பக்கத்தில் பெரிய மச்சானின் மனைவி நின்றிருந்தாள். மாப்பிள்ளைக்கு அக்கா முறை. இடது மணிக்கட்டில் பழைய கட்டு ஒன்று. கதவில் நசுங்கியதாகப் போன வாரம் சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டுக் கதவுகளுக்கு அப்படி ஒரு பழக்கம். அதற்கு முன்பு அவள் கன்னத்திலும் இடித்திருக்கின்றன.

தண்ணீர் நீட்டினாள். ஒரு வாய் குடித்தார். "ஐஸ் மாதிரி இருக்கு, அறிவில்ல?" டம்ளர் அவள் தோளில் பட்டுத் தரையில் உருண்டது. அவள் குனிந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, மேஜைமேல் வைத்தாள்.

"வீட்டுக்குப் போயி மாத்துத் துணி எடுத்துட்டு வர்றேங்க" என்றாள். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "தம்பி, அங்க நடந்ததெல்லாம் பதிவாகியிருக்குமா? பேசினதுகூடவா?"

"ஆகியிருக்கும் அக்கா."

"சரி" என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் சின்ன மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கை பந்து மாதிரி சுற்றியிருந்தது. ஒரு பக்கம் ஹாரன், மறுபக்கம் போலீஸ்காரர். அண்ணி அவர் முன்னால் நின்றாள். இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது அவர் அரை டிராயர் போட்ட பையன். ஊட்டி வளர்த்த உரிமை அவளுக்கு.

"சாப்பிட்டியாடா?"

இல்லை என்று தலையாட்டினார். கேவல் வந்தது. அவர் தலைமேல் கையை வைத்துவிட்டு, அவள் படியிறங்கிப் போனாள்.

"மாப்ள" என்றார் சின்ன மச்சான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க பின்னாடின்னு சொல்லலைன்னா இன்னிக்கு நான் இல்ல. திரும்பிப் பாத்தா கையில சுத்தி. என்ன பண்றதுன்னே தெரியல. நல்ல வேளை, அடின்னீங்க."

"என்னது?"

"அடின்னீங்கல்ல."

"நான் எப்ப சொன்னேன்?"

போலீஸ்காரர் நிமிர்ந்தார். நாள் முழுக்க மூன்றே வார்த்தை பேசியவர் அவர். "சார், ஒரு நிமிஷம். உள்ள இருக்கிறவரு, நீங்க அவரைக் காப்பாத்தத்தான் கூப்பிட்டீங்கன்னு சொல்றாரு. இவரு, தன்னைத்தான்னு சொல்றாரு. நீங்க கூப்பிட்டது எந்த மச்சானை?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். சின்ன மச்சானும் பார்த்தார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது; அங்கேயும் ஒரு காது திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

"சார், பதட்டத்துல பெரிய, சின்ன எல்லாம் வரல" என்றார் மாப்பிள்ளை. "வெறும் மச்சான்தான் வந்துச்சு."

"நாளைக்கு அந்த வீடியோவைக் கொண்டு வாங்க. அடிக்கச் சொன்னது நீங்கன்னா, அது வேற கதை."

*

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. விளக்கைப் போடக்கூடத் தோன்றாமல் மனைவி நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லல" என்றார் மாப்பிள்ளை. "உங்க அப்பா மேல சத்தியமா."

"அப்பா செத்தே போயிட்டாரு. போடுங்க."

கேமராவுக்குள்ளேயே பதிவு இருந்தது. மாப்பிள்ளை அந்த இடத்துக்குத் தள்ளினார். மனைவி தன் அண்ணன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு அண்ணன் சுத்தியோடு எழுவதை, புறங்கையைக் கடித்தபடி பார்த்தாள்.

தகரக் குரல்: மச்சான், பின்னாடி.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அந்த ஒரு கணம். இப்போது சத்தத்தோடு.

அதே தகரத்தில், வேறொரு குரல் கேட்டது.

"அடிடா."

கிளாம்ப் இறங்கிய சத்தம், தாமதமாக.

மாப்பிள்ளை பதிவை நிறுத்தினார். "இது நான் இல்ல. உங்க அண்ணன்களை இதுவரைக்கும் நான் ஒரு 'டா' சொல்லியிருக்கேனா? நேருக்கு நேரா நிக்கும்போது 'ங்க' இல்லாம எனக்கு நாக்கே புரளாது."

மனைவி மறுபடி ஓட்டினாள். அடிடா. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. தகரத்துக்குள்ளிருந்து குரலை உரித்து எடுத்தாள்.

"சின்னண்ணனை 'டா' போட்டுப் பேசறது ரெண்டே பேரு" என்றாள். "ஒருத்தர் அங்க முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாரு."

மாப்பிள்ளை குரூப்பில் போட்ட வெளி நம்பரும் பாஸ்வேர்டும் அவருக்கே நினைவுக்கு வந்தன. அழிப்பதற்கு முன்னால் வந்த அந்தக் கட்டைவிரலும்.

"அழிச்சிடலாமா?" என்றார். "அக்கா சொன்னது மட்டும் போயிடும்னா, நான்தான் சொன்னேன்னு நாளைக்குச் சொல்லிடறேன். என்ன, நாலு கேள்வி கேப்பாங்க."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய பேச்சை அவரிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. சொன்னவரும் எதிர்பார்க்கவில்லை, காது மடல் சிவந்துவிட்டது.

"இந்த மூலையில என்ன நம்பருங்க?"

பதிவை மூடியதும் பட்டறையின் இந்த நேரத்துப் படம் வந்திருந்தது. மரத்தூள், கறுத்துப்போன ரத்தம், சுருண்டு கிடந்த வெள்ளைத் துணி. மேல் மூலையில் சின்னதாக: பார்ப்போர் 2.

"நாம ஒண்ணு" என்றார் மாப்பிள்ளை.

மனைவி பேசும் பொத்தானை அழுத்தினாள். ஆளில்லாத பட்டறைக்குள் அவள் குரல் போய் விழுந்தது.

"அண்ணி."

விட்டாள். காத்திருந்தாள். எங்கோ பசை டின் ஒன்று டிக்கென்று இறுகியது. மறுபடி அழுத்தினாள். "அண்ணி, நான்தான். கேட்டுட்டோம்."

 பிறகு, வெற்றுப் பட்டறையிலிருந்து, தகரமாக: "அழிச்சிடாத குட்டி."

"அண்ணி, நாளைக்கு அது போலீஸுக்குப் போகுது."

"போகட்டும். பத்தொம்பது வருஷத்துல நான் வாயைத் திறந்து சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் அழிச்சிட்டா அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?"

மனைவி உதட்டை மடித்துக்கொண்டாள். தன் அண்ணன் மண்டையைப் பிளக்கச் சொன்னவள். அதே அண்ணன் வீட்டுக் கதவுகளில் எத்தனையோ முறை நசுங்கியவள்.  பொத்தான்மேல் விரல் சும்மா இருந்தது.

மூலையில் இரண்டு, மூன்றானது.

மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தார். தொட்டுக் காட்டினார். ஆஸ்பத்திரியில் வீங்கியது ஒரு கண்தான், மற்றது திறந்திருக்கிறது. படுத்திருப்பவரிடமும் போன் உண்டு. குரூப்பில் போட்டதை அழிக்கும் முன்பே அவரும் அதைத் திறந்திருந்தார்.

மனைவி எழுந்தாள். "இதுல ஒரு வார்த்தை பேசாதீங்க. சொன்னா அவருக்கும் கேக்கும்" என்று கிசுகிசுத்தாள், பொத்தானை யாரும் அழுத்தவில்லை என்பதையே மறந்து. "நான் அண்ணி வீட்டுக்குப் போறேன். அந்த மனுஷன் தையலோட எழுந்து வந்தாலும் வருவாரு."

சாவி, செருப்பு, படிகள், வேன். மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தார். பட்டறையில் இருட்டு கெட்டியாகி, படம் சாம்பல் நிறத்துக்கு மாறியது.

கரகரப்பு. யாரோ மைக்குக்கு மிக அருகில் மூச்சு விட்டார்கள்.

"வீட்லயா இருக்க?" என்றார் பெரிய மச்சான். கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசும்போதுதான் அந்த வீட்டில் எல்லோரும் சுவரோரம் ஒதுங்குவார்கள்.

 மாப்பிள்ளை மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்னைத்தான் கேக்கறேன். வீட்லயா இருக்க?"

"இல்ல" என்றது இன்னொரு தகரக் குரல், 'அடிடா' சொன்ன அதே குரல். அதன் பின்னால் ஏதோ ஒரு பஸ் கியர் மாற்றிப் புறப்படும் சத்தம். "நான் கிளம்பியாச்சு. நீ தூங்கு."

மூன்று, இரண்டானது.